கோத்தகிரி ரோடு கண்ணுக்குத் தெரிகிறது, போகத்தான் வழியில்லை

மாடி ஜன்னலைத் திறந்தால் கோத்தகிரி ரோட்டில் போகிற பஸ்ஸின் போர்டைப் படித்துவிடலாம், அவ்வளவு பக்கம். அந்த ரோட்டுக்கு வண்டியில் போக வேண்டுமென்றால் லேஅவுட் ரோட்டில் கீழே இறங்கி, பள்ளத்து ஊர் ரோட்டைப் பிடித்து, சரிவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏற வேண்டும். கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர். குன்னூர் பக்கம் மனை வாங்கி வீடு கட்டி நாங்கள் பட்ட பாடெல்லாம் இந்த நாலு கிலோமீட்டருக்குள் அடங்கும். பட்டாவைப் பார், வில்லங்கம் போட்டுப் பார், தண்ணீர் வருமா கேள், மண் சரியுமா கேள் என்று சொல்ல நூறு பேர் இருந்தார்கள். இந்த ரோடு யார் பேரில் இருக்கிறது, அந்தப் பக்கம் எங்கே போய் முடிகிறது என்று கேட்கச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

2021-ல் நாலரை சென்ட் வாங்கினோம், சென்ட் ஆறு லட்சம். முன்பு கேரட்டும் பீட்ரூட்டும் போட்ட படிக்கட்டு நிலம், அதைப் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் மனையாகப் பிரித்திருந்தார்கள். மலைப்பகுதியில் அங்கீகாரமில்லாமல் போட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2020-ல் தனி விதி வந்ததே, அதன்படி வரன்முறை செய்த மனை. காகிதம் சுத்தமாக இருந்தது, வங்கிக் கடனும் கிடைத்தது. புரோக்கர் எங்களைக் கூட்டிப்போனது மேல்வழியாக. கோத்தகிரி ரோட்டில் காரை நிறுத்திவிட்டு, நடுவில் இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்குள் புகுந்து ஐந்து நிமிடம் நடந்தால் மனை. நல்ல அகலமான பாதை, ஜீப் போன தடம்கூட இருந்தது. "பஸ் ஸ்டாப்புக்கு இதைவிடப் பக்கமா எங்கேயும் கிடைக்காதுங்க" என்றார். அதில் பொய் இல்லை. அன்றைக்கு அது பக்கம்தான்.

பத்திரத்தில் சொத்து விவரத்தின் கீழே, நான்கெல்லை சொல்லி முடித்த பிறகு, "மாமூல் தடவழிப் பாத்தியம் உள்பட" என்று ஒரு வரி இருக்கும், அதாவது வழக்கமாகப் போய்வரும் பாதையில் உரிமையும் சேர்த்து. கொங்குப் பக்கத்துப் பத்திரங்கள் நிறையவற்றில் இதைப் பார்க்கலாம். அந்த வரியைப் படித்துவிட்டு எல்லோரும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறோம். எந்த சர்வே எண் வழியாக, எத்தனை அடி அகலத்தில், நடக்கவா வண்டி போகவா என்று அதில் ஒன்றும் இருக்காது. பத்திரம் எழுதுகிறவரிடம் சொல்லி அந்த வரியை விரித்து எழுத வைக்க முடியும். பாதை போகிற சர்வே எண்கள், உட்பிரிவு எண், அகலம், எந்தப் பொது ரோட்டில் போய்ச் சேருகிறது என்பது வரைக்கும் எழுதி, ஒரு வரைபடமும் பத்திரத்தோடு சேர்க்கலாம். விற்கிறவர் இதற்குத் தயங்கினால் அங்கேயே விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

வீடு கட்டும்போதுதான் கீழ் ரோட்டின் லட்சணம் தெரிந்தது. அது ஊர் ரோட்டிலிருந்து எங்கள் மனை வரைக்கும் ஏறி, எங்கள் காம்பவுண்டில் முட்டி நின்றுவிடும். நடுவில் ஒரு கொண்டை ஊசி வளைவு. லாரி அதில் திரும்பாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த எம்-சாண்டும் செங்கல்லும் லேஅவுட் முகப்பு வளைவிலேயே கொட்டப்படும். அங்கிருந்து பிக்கப் வண்டி, பிக்கப் டயர் வழுக்குகிற மழை நாளில் தலைச்சுமை. மணலைப் பழைய சிமெண்டு சாக்கில் முக்கால் அளவு நிரப்பி, துண்டைச் சும்மாடாகச் சுற்றி வைத்து, இரண்டு பெண்களும் ஒரு வயசான அண்ணனும் வரிசையாக ஏறிவருவார்கள். கொண்டை ஊசி வளைவில் மூன்று பேரும் ஒரே இடத்தில் நிற்பார்கள், சுவரில் முதுகைச் சாய்த்து, சாக்கை இறக்காமலே. இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும். வீடு முடியும்போது ஏற்றி இறக்கிய கூலி மட்டும் தனியாக இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆகியிருந்தது. எஸ்டிமேட்டில் அந்தத் தலைப்பே கிடையாது. மலையில் மனை பார்ப்பவர்கள் ஒரு கொத்தனாரைக் கூட்டிப்போய், "இங்கே லோடு எதுவரைக்கும் வரும்" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை ரூபாயாக மாற்றி மனை விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

2023-ல் மேலே இருந்த தேயிலைத் தோட்டம் கைமாறியது. வாங்கியவர் வெளியூர்க்காரர், விடுமுறைக்கு வந்து தங்க வீடு கட்டுகிறார். முதலில் சர்வே கல் நட்டார்கள், அப்புறம் கம்பி வேலி, அப்புறம் கேட். கடைசியில் எங்கள் பக்கத்து எல்லையில் பதினைந்து அடி உயரத்துக்குக் கருங்கல் தடுப்புச் சுவர். பாதை இருந்த இடமே தெரியவில்லை. அவர் மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவருடைய பட்டா நிலத்தில் அவர் சுவர் கட்டுகிறார், அதைத் தப்பு என்று சொல்ல எங்கள் கையில் ஒன்றும் இல்லை. பத்து நிமிடத்தில் ரோட்டுக்கு ஏறிப் பள்ளிக்கூட பஸ் பிடித்த என் மகளுக்கு மாதம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு வேன். கேஸ் சிலிண்டர் முகப்பு வளைவோடு நின்றது. பால்காரர் இரண்டு மாதம் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க ஒரு வீட்டுக்காக ஏறி இறங்கினா பெட்ரோலுக்குக்கூடக் கட்டலை" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மழைக்காலம் இன்னொரு கணக்கு. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை ஊற்றும். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை விடுவார்கள், விட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஈர மண் சுவரைத் தள்ளிவிடும். அந்த ஓட்டைகள் அத்தனையும் எங்கள் பின்வாசலைப் பார்த்து இருந்தன. முன்பு பாதையோரமாக ஒரு சின்னக் கால்வாய் ஓடி மழைத்தண்ணீரை ஓடைக்குக் கொண்டுபோய்விடும். பாதையோடு அதுவும் போயிற்று. 2009 நவம்பர் மழையில் நீலகிரி முழுக்க மண் சரிந்ததை என் மாமனார் பார்த்தவர். தேயிலை பேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த முதல் மழைக்காலத்தில் ராத்திரி எழுந்து எழுந்து டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்துவிட்டு வருவார். "தூங்குங்க மாமா" என்றால், "தண்ணி கலங்கலா வருதா தெளிவா வருதான்னு பார்க்கணும்மா" என்பார். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள்.

அந்த மாமாவுக்குத்தான் 2024 ஜனவரியில் நெஞ்சு வலி வந்தது. ராத்திரி பதினொரு மணி, நல்ல பனி. 108-க்குப் போன் செய்தோம், சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். வந்தது மேல் ரோட்டுக்கு. போனில் இருக்கிற வரைபடத்தில் யாரோ எப்போதோ தேயிலைப் பாதையை ரோடு என்று வரைந்து வைத்திருக்கிறார்கள், அது எங்கள் வீடு வரைக்கும் கோடு போட்டுக் காட்டியிருக்கிறது. சுவருக்கு மேலே சிவப்பு விளக்கு சுற்றுகிறது, கேட்டில் பூட்டு, உள்ளே ஆள் இல்லை. டிரைவர் தம்பி மேலிருந்து கத்துகிறார், நாங்கள் கீழிருந்து கத்துகிறோம். அவர் சுற்றி வந்து, லேஅவுட் ரோட்டின் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் ஏறிவிட்டார். அதற்குமேல் வேன் வரவில்லை. என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுப் பையன்களும் மாமாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அதுவரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். முக்கால் மணி நேரம் இதிலேயே போனது. மாமா பிழைத்துக்கொண்டார். அந்த முக்கால் மணி நேரம் இதயத்தில் என்ன செய்தது என்பதை ஸ்கேன் படத்தைக் காட்டி டாக்டர் விளக்கினார். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. முட்டுச் சந்தில் குடியிருப்பவர்கள் ஒரு வேலை செய்துவையுங்கள். வண்டி எந்த ரோட்டிலிருந்து, எந்தக் கடை அல்லது கோயில் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை ஒரு வரியாக எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் சொந்த விலாசமே வாயில் வராது. போன் வரைபடத்தில் தவறான பாதை இருந்தால் நீங்களே திருத்தம் அனுப்பலாம். நாங்கள் அனுப்பினோம், சில வாரங்களில் அந்தக் கோடு போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் கிளம்பினேன். முதலில் அரசு இ-சேவை இணையதளத்தில் மேல் நிலத்துக்கும் எங்கள் லேஅவுட்டுக்கும் எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடத்தை எடுத்தேன். காசு இல்லை, சர்வே எண் இருந்தால் போதும். எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் அங்கேயே பார்க்கலாம். வரைபடத்தில் வண்டிப்பாதை என்று காட்டியிருந்தால் அது ஓர் ஆதாரம். பதிவேட்டில் அரசுப் புறம்போக்கு, பாதை என்று இருந்தால் அது பொதுச் சொத்து, யாரும் அடைக்க முடியாது. மேல்பாதை இரண்டிலும் இல்லை. முழுக்கத் தனிப்பட்டா. சரி என்று கீழ் ரோட்டைப் பார்த்தால் அதைவிடப் பெரிய அடி. நாங்கள் தினமும் போய்வருகிற லேஅவுட் ரோடே இன்னும் மனை பிரித்தவர் பேரில் பட்டாவாக நிற்கிறது. முறைப்படி லேஅவுட் போட்டால் ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். அப்போதுதான் அது பொது ரோடு. இங்கே அது நடக்கவே இல்லை. ஊராட்சியில் தெருவிளக்கு கேட்டுப் போனபோதெல்லாம் ஏன் மழுப்பினார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. தனியார் பட்டாவில் அவர்கள் பணம் செலவழிக்க முடியாது. மனை வரன்முறை ஆகிவிட்டது என்பதை வைத்து ரோடும் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். விற்பவரிடம் ரோட்டின் தானப் பத்திர நகலைக் கேளுங்கள். எண் கிடைத்தால் வில்லங்கச் சான்றில் அது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஊட்டிக்குப் போய் மனு கொடுத்தேன். மனு கீழே இறங்கி வந்து கடைசியில் கிராம அலுவலகத்தில் நின்றது, பட்டா நிலம் என்று பதில் எழுதி முடித்துவிட்டார்கள். அப்புறம் ஒரு வக்கீல். பதினைந்தாயிரம் ரூபாய் வாங்கினார், ஆனால் ஒளிக்காமல் சொன்னார். 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒரே நிலம் பிரிந்து விற்கப்பட்டு ஒரு பாகத்துக்கு வேறு வழியே இல்லாமல் போனால், அவசியத்தால் வருகிற பாதை உரிமை. எங்களுக்கு எவ்வளவு மோசமானாலும் கீழ் ரோடு இருக்கிறது, அதனால் இது நிற்காது. வசதிக்குறைவை அவசியம் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளாது. இன்னொன்று, இருபது வருடம் இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையாக நடந்து வந்த பாதை. காய்கறித் தோட்டக் காலத்திலிருந்தே ஜனங்கள் அதில் நடந்திருக்கிறார்கள், பழைய ஆட்கள் சாட்சி சொல்லத் தயார். ஆனால் நில உரிமையாளரின் அனுமதியோடு நடந்ததா, உரிமையாக நடந்ததா என்பதிலேயே வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும் என்றார். அதில் ஒரு கெடுவும் இருக்கிறது: பாதையை அடைத்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். "நல்ல மனுஷன், பேசிப் பார்த்துக்கலாம்" என்று நாளைக் கடத்துகிறவர்கள் இந்தக் கெடுவில்தான் மாட்டுகிறார்கள். பேசுங்கள், ஆனால் வேலி போட்ட தேதியைப் போட்டோவோடு எழுதி வையுங்கள்.

இதற்கிடையில் கோவையில் நகரமைப்பு வேலை பார்க்கும் என் தம்பி வந்திருந்தான். எங்கள் சரிவின் செயற்கைக்கோள் படத்தைப் போட்டுக் காட்டினான். மேல் ரோட்டிலிருந்து நாலைந்து லேஅவுட் ரோடுகள் கீழே இறங்கி நிற்கின்றன. கீழ் ரோட்டிலிருந்து எங்களுடையதையும் சேர்த்து மூன்று மேலே ஏறி நிற்கின்றன. எதிரெதிரே வைத்த இரண்டு சீப்புகளின் பற்கள் மாதிரி, ஒன்றையொன்று தொடாமல். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தை மட்டும் பிரித்து, தன் மனைகளுக்கு மட்டும் ரோடு போடுகிறது. பக்கத்து நிலத்தோடு சேர்த்தால் ஒரு மனை குறையும், அதோடு "வெளியாள் வராத இடம்" என்று சொல்லி விற்கவும் முடியாது. நீலகிரியில் கட்ட 1993-ஆம் வருடத்து மலைவாசஸ்தலக் கட்டட விதிகள் உண்டு, ஏழு மீட்டர் உயர வரம்பு உண்டு, ஹாக்கா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகிற கிராமம் என்றால் பல துறைகளின் தடையின்மைச் சான்றும் வேண்டும். இத்தனை மேஜை தாண்டினோம். அடுத்த தெருவுக்கு எப்படிப் போவீர்கள் என்று எந்த மேஜையிலும் கேள்வி வரவில்லை.

கோவையில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு தெரு அடைத்திருந்தால் அடுத்த தெருவில் திரும்பிவிடலாம். ஊரின் ஓரங்களில் புதிதாகப் போடுகிற நிறைய லேஅவுட்டுகளில் அது முடியாது என்றான். 2020-ல் பேரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் உலகம் முழுக்கத் தெருப் பின்னலை அளந்து பார்த்து, 1975-க்குப் பிறகு போட்ட தெருக்கள் மேலும் மேலும் துண்டு துண்டாகிக்கொண்டே வந்திருப்பதைக் காட்டினார்களாம். வீட்டை இடித்துக் கட்டலாம்க்கா, ஒருமுறை போட்ட தெருவை மாற்றுவதுதான் கஷ்டம் என்றான். மலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பர்லியார் பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைத்தால் வண்டியெல்லாம் கோத்தகிரி வழியாக இறங்குகிறதே, அந்த இரண்டாவது வழி இல்லாத நிலைமையை ஒவ்வொரு லேஅவுட்டுக்குள்ளும் நாமே உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம். ஹட்டி என்கிற பழைய படுகர் ஊர்களிலும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் பாருங்கள், கார் போகாமல் இருக்கலாம், ஆனால் நடந்து போக நாலு பக்கமும் வழி இருக்கும். குன்னூரின் பழைய பகுதிகளில் படிக்கட்டுதான் தெரு. புதிதாக வருகிறவர்கள் கார் ரோட்டை மட்டுமே ரோடு என்று நினைப்பதால் படிகள் ஒவ்வொன்றாகச் சுவருக்குள் போகின்றன.

அந்தப் படத்தில்தான் எங்கள் தீர்வும் இருந்தது. மேல் ரோட்டிலிருந்து இறங்கும் பக்கத்து லேஅவுட்டின் ரோடு, எங்கள் லேஅவுட்டின் மூன்றாவது வீட்டுக்கு நேராக ஒரு காம்பவுண்டில் முடிகிறது. நடுவில் இருப்பது ஒரு மூலை மனை மட்டும். சொந்தக்காரர் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. முதலில் அந்த லேஅவுட் சங்கத்தில் பேசினோம், ஒத்துக்கொள்ளவில்லை. வெளியாட்கள் வருவார்கள், பைக் நிறுத்துவார்கள், குப்பை போடுவார்கள் என்றார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தாலும் அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நாலடி அகலம்தான், படிக்கட்டு மட்டும்தான், வண்டி ஏறவே முடியாது, இரண்டு பக்கமும் விளக்கு எங்கள் செலவு என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் இறங்கிவந்தார்கள். வண்டிப்பாதை கேட்டிருந்தால் கடைசி வரைக்கும் நடந்திருக்காது. அந்த அம்மா சம்மதித்ததற்குக் காரணம் வேறு. "ஏன் கண்ணு, அன்னைக்கு ராத்திரி உங்க மாமாவைத் தூக்கிட்டுப் போனீங்களே, சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நானும் இங்க தனியாத்தான் இருக்கேன்" என்றார்.

வாய்வார்த்தையாக விடவில்லை. அவர் மனையின் ஓரமாக நாலடிக்கு வழிப் பாத்தியம் கொடுப்பதாக, சர்வே எண்ணும் அளவும் வரைபடமும் சேர்த்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தோம். இனி அந்த மனை யார் கைக்குப் போனாலும் வில்லங்கம் போட்டால் அது தெரியும். கருங்கல் படி, கைப்பிடிக் கம்பி, ஓரமாகத் தண்ணீர் போக வாய்க்கால், எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம். பதினொரு வீடுகள் பங்கு போட்டோம், இரண்டு வீடுகள் இன்னும் தரவில்லை. மகள் மறுபடி பஸ்ஸில் போகிறாள். பால்காரர் மேல் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுப் படியில் இறங்கி வருகிறார். ஆம்புலன்ஸ் வந்தால் இப்போதும் சுற்றித்தான் வர வேண்டும், ஆனால் ஸ்ட்ரெச்சரை மேல் ரோட்டுப் பக்கம் கொண்டுபோய்விடலாம்.

பாக்கி இருப்பது லேஅவுட் ரோடு. மனை பிரித்தவர் இறந்துவிட்டார், வாரிசுகள் நாலு பேர். நாலு பேரும் சேர்ந்து ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுத வேண்டும். மூன்று பேர் சம்மதித்துவிட்டார்கள். நாலாவது ஆள் பெங்களூரில் இருக்கிறார், ரோட்டுக்கும் சென்ட் விலை கேட்கிறார். போன வாரம் பேசினபோது பாதியாக இறங்கியிருக்கிறார். அவர் வரும்போது வக்கீலையும் ஊராட்சி அலுவலரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசலாம் என்று இருக்கிறோம்.